மின்காருக்குச் செல்போன் தேவையா?

உங்கள் தெருவில் ஒரு வீட்டில் புதிதாக மின்கார் வாங்கியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கார் வந்த அன்றே, அதற்கு மின்னேற்றுவதற்கான பெட்டி ஒன்றையும் சுவரில் பொருத்திவிட்டார்கள். பொருத்த வந்தவர் போகும்போது, "இதற்கு ஒரு செயலி இருக்கிறது, செல்போனில் இறக்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிச் செல்கிறார். வீட்டில் இருப்பவரோ எழுபது வயதுப் பெரியவர். நாற்பது ஆண்டுகளாகக் கார் ஓட்டுகிறவர். ஆனால் செல்போன் கேட்கும் கடவுச்சொல்லும், குறுஞ்செய்தியில் வரும் ஆறு இலக்க எண்ணும் அவருக்குப் பிடிபடவில்லை. வெளியூரில் படிக்கும் பேரன் வந்தால்தான் காருக்கு மின்னேற்றம் என்ற நிலை. சொந்த வீட்டில், சொந்தக் காருக்கு மின்சாரம் ஏற்றப் பிறர் கையை எதிர்பார்க்க வேண்டுமா?

வேண்டியதில்லை. காருக்கும் சுவரில் உள்ள பெட்டிக்கும் இடையே நடக்கும் செயலில் செல்போனுக்கு இடமே இல்லை. அங்கே நடப்பது, நீங்கள் பத்தாம் வகுப்பில் படிக்கும் ஓம் விதி. அது எப்படி என்று பார்ப்போம்.

சுவரில் இருப்பது வெறும் சுவிட்சே

நம் வீட்டிற்கு வருவது 230 வோல்ட் மாறுதிசை மின்னோட்டம். காரின் லித்தியம் அயனி பாட்டரி ஏற்பதோ நேர்திசை மின்னோட்டம். ஆகவே எங்கேனும் ஓர் இடத்தில் மாறுதிசையை நேர்திசையாக மாற்றியாக வேண்டும். அந்த வேலையைச் செய்யும் கருவியே உண்மையான சார்ஜர். வீட்டு மின்னேற்றத்தில் அது காருக்குள்ளேயே இருக்கிறது. எவ்வளவு மின்னோட்டம் இழுப்பது, எப்போது குறைப்பது, எப்போது நிறுத்துவது என்பவற்றையெல்லாம் கார்தான் முடிவு செய்கிறது.

அப்படியானால் சுவரில் மாட்டிய பெட்டி என்ன செய்கிறது? அது ஒரு காவற்காரன் உள்ள சுவிட்ச், அவ்வளவுதான். கார் சரியாக இணைந்திருக்கிறதா, எர்த் இணைப்பு உள்ளதா, மின்கசிவு உண்டா என்று பார்த்து, எல்லாம் சரியாக இருந்தால் மட்டும் மின்சாரத்தைத் திறந்துவிடுகிறது. சுவரில் பெட்டி மாட்டாமல், 15 ஆம்பியர் சாக்கெட்டில் செருகும் கேபிளைப் பயன்படுத்துகிறவர்களும் உண்டு. அந்தக் கேபிளின் நடுவே செங்கல் போன்ற ஒரு சிறு பெட்டி தொங்குவதைப் பார்த்திருக்கலாம். அதன் வேலையும் இதுவே.

காரும் பெட்டியும் பேசும் மொழி

இந்தியாவில் கார்களின் வீட்டு மின்னேற்றத்திற்குப் பெரிதும் பயன்படுவது டைப் 2 என்னும் பிளக். அதில் ஏழு முனைகள் உள்ளன. ஐந்து பெரியவை, மின்சாரம், நியூட்ரல், எர்த் ஆகியவற்றுக்கானவை. மற்ற இரண்டும் சிறியவை. அவற்றுள் ஒன்று, பிளக் முழுவதும் செருகப்பட்டதா என்பதை அறிய உதவுகிறது. மற்றொன்றின் வழியாகத்தான் காரும் பெட்டியும் 'பேசிக்கொள்கின்றன'. இதனை நாம் வழிகாட்டிக் கம்பி என்று அழைப்போம். இந்தப் பேச்சின் இலக்கணம் ஐ.ஈ.சி. 61851 என்னும் பன்னாட்டுத் தரத்திலும், இந்தியாவின் ஐ.எஸ். 17017 தரத்திலும் வகுக்கப்பட்டுள்ளது.

பெட்டி, வழிகாட்டிக் கம்பிக்கு 1000 ஓம் மின்தடை ஒன்றின் வழியாக 12 வோல்ட் கொடுத்துக் காத்திருக்கிறது. பிளக் எதிலும் செருகப்படவில்லை என்றால் மின்னோட்டம் இல்லை. மின்தடையில் வோல்ட் இழப்பும் இல்லை. கம்பியில் 12 வோல்ட் அப்படியே இருக்கும். '12 வோல்ட் என்றால் யாரும் இல்லை' என்பது முதற் சொல்.

இப்போது பிளக்கைக் காரில் செருகுகிறோம். காருக்குள் வழிகாட்டிக் கம்பிக்கும் எர்த்துக்கும் இடையே ஒரு டயோடும் 2740 ஓம் மின்தடையும் தொடரிணைப்பில் காத்திருக்கின்றன. டயோடில் ஏறத்தாழ 0.7 வோல்ட் போய்விடும். எஞ்சுவது 11.3 வோல்ட். மொத்த மின்தடை 1000 + 2740 = 3740 ஓம். ஓம் விதிப்படி மின்னோட்டம் 11.3 ÷ 3740, அதாவது ஏறத்தாழ 3 மில்லி ஆம்பியர். இது பெட்டியின் 1000 ஓம் மின்தடையில் 3 வோல்ட் இழப்பை உண்டாக்கும். ஆகவே கம்பியில் மீதம் 9 வோல்ட். '9 வோல்ட் என்றால் கார் வந்திருக்கிறது' என்பது இரண்டாம் சொல்.

கார் தன் பாட்டரியைச் சோதித்து, மின்சாரம் ஏற்கத் தயாரானதும் ஒரு சிறு சுவிட்சை மூடுகிறது. அதனால் 2740 ஓமுடன் 1300 ஓம் மின்தடை ஒன்று பக்க இணைப்பில் சேர்கிறது. இரண்டின் தொகுபயன் ஏறத்தாழ 882 ஓம். மீண்டும் கணக்கிடுங்கள்: 11.3 ÷ 1882 = 6 மில்லி ஆம்பியர். பெட்டியில் 6 வோல்ட் இழப்பு. கம்பியில் 6 வோல்ட். '6 வோல்ட் என்றால் தயார், மின்சாரம் தரலாம்' என்பது மூன்றாம் சொல். இதைக் கேட்டதும் பெட்டிக்குள் இருக்கும் பெரிய ரிலே 'டக்' என்று மூடுகிறது. 230 வோல்ட் காருக்குள் பாய்கிறது.

மூன்றே சொற்கள் கொண்ட மொழி! இதில் இணையம் இல்லை, கடவுச்சொல் இல்லை. மூன்று மின்தடைகளும் ஒரு டயோடும் போதும்.

டயோடு எதற்கு என்று கேட்பீர்கள். பெட்டி தயாரானதும் 12 வோல்ட்டை நிலையாகத் தராமல், +12, −12 என்று நொடிக்கு 1000 முறை மாறும் சதுர அலையாகத் தருகிறது. டயோடு ஒருபுறம் மட்டுமே மின்னோட்டத்தை விடும் அல்லவா? ஆகவே கார் இணைந்திருந்தால் நேர் பக்கம் மட்டும் 9 ஆகவோ 6 ஆகவோ குறையும். எதிர் பக்கம் −12 ஆகவே இருக்கும். மழைநீரோ, ஈரமான விரலோ பிளக்கின் முனைகளைத் தொட்டால் இரு பக்கமும் சேர்ந்து குறையும். 'இது கார் அன்று' என்று பெட்டி கண்டுகொண்டு மின்சாரம் தர மறுத்துவிடும். ஒரு சின்ன டயோடு உயிர் காக்கும் வேலையைச் செய்கிறது.

எத்தனை ஆம்பியர்?

அந்தச் சதுர அலையில் இன்னொரு செய்தியும் ஒளிந்திருக்கிறது. அலையின் ஒரு சுற்று 1 மில்லி நொடி. அதில் எத்தனை விழுக்காடு நேரம் கம்பி நேர் பக்கத்தில் இருக்கிறது என்பதைக் கார் அளக்கிறது. வீட்டு மின்னேற்றத்தின் அளவுகளில் அந்த விழுக்காட்டை 0.6 ஆல் பெருக்கினால், கார் இழுக்கக்கூடிய உச்ச ஆம்பியர் கிடைக்கும். 10 விழுக்காடு என்றால் 6 ஆம்பியர். 16.7 விழுக்காடு என்றால் 10 ஆம்பியர். 26.7 விழுக்காடு என்றால் 16 ஆம்பியர்.

'இந்த வீட்டு ஒயர் இவ்வளவுதான் தாங்கும்; இதற்கு மேல் கேட்காதே' என்று பெட்டி காருக்குச் சொல்லும் முறை இது. பல பெட்டிகளில் இந்த எல்லையைப் பொருத்தும்போதே உள்ளே ஒரு சிறு சுவிட்ச் மூலம் அமைத்துவிடலாம். சில கேபிள் பெட்டிகளில் ஒரு பொத்தானை அழுத்தி 8, 10, 13 என்று மாற்றிக்கொள்ளலாம்.

அப்படியானால் செயலி எதற்கு?

செயலி செய்யும் வேலைகள் மூன்று: மின்னேற்றம் எப்போது தொடங்க வேண்டும் என்று சொல்வது; எத்தனை யூனிட் ஏறியது என்று காட்டுவது; பிறர் பயன்படுத்தாதபடி பூட்டுவது. நீங்கள் செல்போனில் 'தொடங்கு' என்று தொட்டால், அந்தக் கட்டளை பெரும்பாலும் நேரே பெட்டிக்குச் செல்வதில்லை. இணையம் வழியாக நிறுவனத்தின் கணிப்பொறிக்குப் போகிறது. அது வேறு ஊரில், சில வேளை வேறு நாட்டில் இருக்கும். அங்கிருந்து திரும்பி உங்கள் வீட்டு வை-ஃபை வழியாகப் பெட்டிக்கு வருகிறது. மூன்று மீட்டர் தூரத்தில் இருக்கும் பெட்டிக்கு ஒரு சொல் சொல்ல, அது ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் சுற்றி வரக்கூடும்.

இவ்வளவு ஏற்பாடு வீண் என்று சொல்லிவிட முடியாது. பிரிட்டனைப் பாருங்கள். அங்கு மின்சாரத்தின் தேவை மாலையில் உச்சத்தை எட்டும், நள்ளிரவில் குறையும். இரவில் விலை குறைந்த கட்டணத் திட்டங்களும் உண்டு. ஆகவே 2022 ஜூன் 30 முதல், அங்கு விற்கப்படும் வீட்டு மின்னேற்றப் பெட்டிகள் இணையத் தொடர்பு கொண்டு நேரம் பார்த்து வேலை செய்யக் கூடியவையாக இருக்க வேண்டும் என்று விதி வந்தது. வார நாட்களில் காலை 8 முதல் 11 வரையும், மாலை 4 முதல் இரவு 10 வரையும் தவிர்த்து மின்னேற்றும்படி அவை முன்கூட்டியே அமைக்கப்பட்டிருக்க வேண்டும். வேண்டுமானால் உரிமையாளர் இதை மாற்றிக்கொள்ளலாம்.

அதே விதியில் இன்னொரு சுவையான செய்தியும் உண்டு. இரவு 10 மணி ஆனதும் எல்லாக் கார்களும் ஒரே நொடியில் மின்னேற்றத்தைத் தொடங்கினால் என்ன ஆகும்? ஒரு லட்சம் கார்கள், ஒவ்வொன்றும் 7 கிலோவாட் என்றால் 700 மெகாவாட். ஒரு பெரிய மின்நிலையத்தின் முழு உற்பத்தியை ஒரே நொடியில் கேட்பது போன்றது இது. மின்தொகுப்பின் அதிர்வெண் 50 ஹெர்ட்சிலிருந்து ஆட்டம் காணும். அதனால் ஒவ்வொரு பெட்டியும் 10 நிமிடத்திற்குள் தன் விருப்பம்போல் ஒரு நேரம் தாமதித்துத் தொடங்க வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள்.

ஆனால் அந்த நாட்டின் விதியே இன்னொன்றையும் சொல்கிறது: இணையத் தொடர்பு அறுந்தாலும் பெட்டி காருக்கு மின்னேற்றக் கூடியதாகவே இருக்க வேண்டும். இணையம் வசதிக்கு; மின்னேற்றத்திற்கு அன்று.

நம் பெரியவர் வீட்டுக்கு வருவோம். மின்கட்டணம் ஓடிய மொத்த யூனிட்டை மட்டுமே பொறுத்தது என்றால், நேரம் குறித்து மின்னேற்றுவதால் காசு மிச்சமாகாது. நேரம் குறிக்க விரும்பினாலும், பல கார்களில் ஓட்டுநர் முன் உள்ள திரையிலேயே அந்த வசதி இருக்கிறது. பூட்டுவதற்குச் சாவியோ, அட்டையோ போதும். அட்டையைக் காட்டினால் திறக்கும் பெட்டிகளை நீங்கள் பார்த்திருக்கலாம். அந்த அட்டையில் பாட்டரி கிடையாது. பெட்டி உண்டாக்கும் மாறும் காந்தப்புலம், அட்டைக்குள் உள்ள கம்பிச்சுருளில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. 1831-இல் பாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே அது.

ஒரு நாளைக்கு எவ்வளவு வேண்டும்?

'செயலி இல்லையென்றால் எவ்வளவு ஏறியது என்று எப்படித் தெரியும்?' என்று பெரியவர் கேட்கலாம். காரின் திரையே பாட்டரியின் விழுக்காட்டைக் காட்டும். மேலும் ஓர் எளிய கணக்கு அவருக்குப் போதும்.

ஒரு சிறிய மின்கார் 1 யூனிட்டில் ஏறத்தாழ 6 முதல் 8 கிலோமீட்டர் ஓடும். பெரியவர் நாளொன்றுக்கு 40 கிலோமீட்டர் போகிறார் என்றால் 6 யூனிட் செலவு. மின்னேற்றும்போது வெப்பமாகப் போகும் இழப்பையும் சேர்த்து 7 யூனிட் எனக் கொள்வோம். 230 வோல்ட்டில் 10 ஆம்பியர் இழுத்தால் திறன் 2300 வாட், அதாவது 2.3 கிலோவாட். 7 ÷ 2.3 ஏறத்தாழ 3 மணி நேரம். இரவு 10 மணிக்குச் செருகினால், நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்குக் கார் தயார். விடியும் வரை விட்டாலும் கேடில்லை. நிரம்பியதும் கார் தானே நிறுத்திக்கொள்ளும். இதைச் செல்போனில் பார்த்துக்கொண்டு விழித்திருக்க வேண்டிய தேவை யாருக்கும் இல்லை.

கண் வைக்க வேண்டிய இடம்

திரையில் காணாத ஒன்றுதான் இங்கே உண்மையான ஆபத்து. அது வெப்பம்.

மின்னோட்டம் பாயும் கம்பியில் ஒவ்வொரு நொடியும் உண்டாகும் வெப்பம், மின்னோட்டத்தின் இருமடியை மின்தடையால் பெருக்கிக் கிடைப்பது என்று படித்திருக்கிறீர்கள். பழைய சாக்கெட் ஒன்றில் தொடுமுனை தளர்ந்து, அந்த இடத்தில் 0.1 ஓம் மின்தடை இருக்கிறது என்று கொள்வோம். 15 ஆம்பியர் பாய்ந்தால் 15 × 15 × 0.1 = 22.5 வாட். ரேடியோ பழுது பார்ப்பவரின் சிறிய பற்றவைப்புக் கோல் 25 வாட் என்பதை நினைத்துப் பாருங்கள். அதை எரியவிட்டு ஒரு சாக்கெட்டுக்குள் இரவு முழுதும் செருகி வைப்பதற்கு இது சமம்.

'இதே சாக்கெட்டில் இஸ்திரிப் பெட்டி ஓடுகிறதே' என்று வீட்டில் சொல்வார்கள். இஸ்திரிப் பெட்டி தொடர்ந்து மின்சாரம் இழுப்பதில்லை. சூடானதும் அதன் தெர்மோஸ்டாட் அணைத்துவிடும். சாக்கெட்டுக்கு ஆற நேரம் கிடைக்கும். கார் அப்படியன்று. மணிக்கணக்கில் ஒரே அளவாக இழுத்துக்கொண்டே இருக்கும். வெப்பம் வெளியேறும் வேகத்தைவிட உண்டாகும் வேகம் மிகுந்தால் பிளாஸ்டிக் உருகும்.

மின்னோட்டத்தை 15-இலிருந்து 10 ஆம்பியராகக் குறைத்தால் அதே இடத்தில் 10 வாட் மட்டுமே. மின்னோட்டம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. வெப்பமோ பாதிக்கும் கீழே போய்விட்டது. இருமடியின் வலிமை இதுதான். இரவு நீளமானது, காருக்கு அவசரமில்லை. ஆகவே சாதாரண சாக்கெட்டில் மெதுவாக ஏற்றுவதே அறிவுடைமை.

ஒயரின் பருமனையும் பார்ப்போம். தாமிரத்தின் தன்மின்தடை 1.72 × 10⁻⁸ ஓம் மீட்டர். மீட்டர் பெட்டியிலிருந்து கார் நிற்கும் இடம் 20 மீட்டர் என்றால், போக வர 40 மீட்டர் கம்பி. 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் மின்தடை 0.275 ஓம், 15 ஆம்பியரில் 62 வாட் வீணாகும். 4 சதுர மில்லிமீட்டர் ஒயரில் 0.172 ஓம், 39 வாட்தான் வீண். அதுவும் முழு நீளத்திலும் பரவிப் போகும். இப்போது 0.75 சதுர மில்லிமீட்டர் கம்பி கொண்ட 10 மீட்டர் எக்ஸ்டென்ஷன் ஒயரை எண்ணிப் பாருங்கள். மின்தடை 0.46 ஓம், வெப்பம் 100 வாட்டுக்கும் மேல். அது சுருட்டி வைக்கப்பட்டிருந்தால் வெப்பம் போக வழியே இல்லை. காருக்கு எக்ஸ்டென்ஷன் ஒயர் ஆகாது என்று சொல்வதன் காரணம் இதுவே.

மூன்றாவது, எர்த். காரின் உடல் முழுவதும் உலோகம்; அது நிற்பது ரப்பர் டயர்களின் மேல். உள்ளே மின்கசிவு ஏற்பட்டால், எர்த் கம்பி இல்லாதபோது அந்த மின்சாரம் காரைத் தொடுபவர் வழியாகத்தான் தரைக்கு இறங்கும். ஆகவே நல்ல எர்த் இணைப்பும், அதனுடன் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் கட்டாயம் வேண்டும். போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமா என்று பார்ப்பதே ஆர்.சி.சி.பி.யின் வேலை. காருக்கு டைப் ஏ வகை ஏற்றது. எர்த் இல்லை என்றால் பல பெட்டிகள் சிவப்பு விளக்கைக் காட்டி மறுத்துவிடும். அதை ஏமாற்ற நியூட்ரலையும் எர்த்தையும் இணைத்துவிடும் குறுக்குவழியைச் சிலர் சொல்வார்கள். அது உயிரோடு விளையாடுவது, ஒருபோதும் கூடாது.

பெரியவருக்கு என்ன சொல்லலாம்?

பெட்டி வாங்கும் முன் மூன்று கேள்விகள் கேட்கச் சொல்லுங்கள். செருகியதும் தானே மின்னேற்றம் தொடங்குமா? ஆம்பியர் எல்லையைச் செயலி இல்லாமல் அமைக்க முடியுமா? பூட்டுவதற்குச் சாவியோ அட்டையோ உண்டா? சில பெட்டிகள் செயலியிலிருந்து அனுமதி வரும்வரை காத்திருக்கும்படி செய்யப்பட்டவை. அது உற்பத்தியாளர் போட்ட பூட்டு, இயற்பியல் போட்டதன்று. அப்படிப்பட்டதை அவர் வாங்க வேண்டியதில்லை.

அடுத்து, மீட்டரிலிருந்து காருக்கெனத் தனி ஒயர், தனி எம்.சி.பி., நல்ல எர்த் ஆகியவற்றை உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு அமைக்கச் சொல்லுங்கள்.

பிறகு அவர் செய்ய வேண்டியது சிறிதே. மின்னேற்றம் தொடங்கி ஒரு மணி நேரம் கழித்து, உலர்ந்த கையால் பிளக்கின் வெளிப்புறத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும். இளஞ்சூடு இயல்பு. கை வைக்க முடியாத சூடு, கருகல் வாசனை, சாக்கெட் பழுப்பேறுதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும், மின்னேற்றத்தை நிறுத்திவிட்டு மின்பணியாளரை அழைக்க வேண்டும். சில பிளக்குகளில் வெப்பத்தை அறியும் உறுப்பு இருக்கிறது. ஆனால் சாக்கெட்டின் பின்னால் தளர்ந்த திருகை அது இறுக்கித் தராது. இந்த வேலைக்கு அவருடைய கையும் மூக்கும் செயலியைவிட நல்ல கருவிகள்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குச் செல்போனை வாங்கி நீங்களே இயக்கிக் கொடுப்பது எளிது. அதைவிட இந்த மூன்று சொல் மொழியை அவர்களுக்கு விளக்குவது மேல். அடுத்த முறை நீங்கள் ஊரில் இல்லாவிட்டாலும் அவர்கள் அச்சமின்றிக் காரைச் செருகிவிட்டுத் தூங்கப் போவார்கள்.

செய்து பாருங்கள்

9 வோல்ட் பாட்டரி ஒன்று, 1000 ஓம், 2700 ஓம், 1200 ஓம் மின்தடைகள், ஒரு மல்டிமீட்டர் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டரியின் நேர்முனையில் 1000 ஓம் மின்தடையை இணையுங்கள். அதன் மறுமுனையே உங்கள் 'வழிகாட்டிக் கம்பி'. அதற்கும் எதிர்முனைக்கும் இடையே அளந்தால் 9 வோல்ட் காட்டும். இப்போது அந்த இடைவெளியில் 2700 ஓம் மின்தடையை இணையுங்கள், ஏறத்தாழ 6.6 வோல்ட். அதனுடன் 1200 ஓமைப் பக்க இணைப்பில் சேர்த்தால் ஏறத்தாழ 4.1 வோல்ட். ஒரு நண்பரை மறைவில் நின்று இணைப்பை மாற்றச் சொல்லி, மீட்டரைப் பார்த்தே 'கார் இல்லை', 'கார் வந்தது', 'தயார்' என்று சொல்லிப் பாருங்கள். இச்சோதனைக்கு 9 வோல்ட் பாட்டரி மட்டுமே. உண்மையான காரின் பிளக்கிலோ சுவர்ச் சாக்கெட்டிலோ கம்பி நுழைத்துப் பார்க்கக் கூடாது.

விடை காணுங்கள்

1. 32 ஆம்பியர் தரலாம் என்று சொல்ல, சதுர அலை எத்தனை விழுக்காடு நேரம் நேர் பக்கம் இருக்க வேண்டும்?

2. தொடுமுனையில் 0.2 ஓம் மின்தடை உள்ள சாக்கெட்டில் 15 ஆம்பியர், 8 ஆம்பியர் பாயும்போது உண்டாகும் வெப்பத் திறன் எவ்வளவு?

3. 30 கிலோவாட் மணி பாட்டரியை 20 விழுக்காட்டிலிருந்து 80 விழுக்காடு வரை, 230 வோல்ட், 8 ஆம்பியரில் ஏற்ற எவ்வளவு நேரம் ஆகும்? இழப்பைக் கணக்கில் கொள்ள வேண்டாம்.

4. டைப் 2 பிளக்கில் வழிகாட்டி முனை, மின்சார முனைகளைவிடக் குட்டையாக உள்ளது. ஏன்?

விடைகள்: 1) 53.3 விழுக்காடு. 2) 45 வாட்; 12.8 வாட். 3) ஏறத்தாழ 9 மணி 47 நிமிடம். 4) பிளக்கை உருவும்போது வழிகாட்டி முனை முதலில் விலகும். பெட்டி உடனே மின்சாரத்தை நிறுத்திவிடும். பெரிய முனைகள் பிரியும்போது மின்னோட்டம் இல்லாததால் தீப்பொறி எழாது.